படம் வருது, சத்தம் எங்க போகுது?

போன மாசம் ஒலக்கூர்ல எங்க அக்கா வீட்டுத் திண்ணையில நான் அசிங்கப்பட்ட கதைதான் இந்த எபிசோடு. திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னாடி பாசஞ்சர் நிக்குமே, அந்த ஒலக்கூர்தான். சாயங்காலம் அக்காகிட்ட டியூஷனுக்கு இருபது பசங்க வர்றாங்க. என் பழைய லினக்ஸ் லேப்டாப்பை அவங்களுக்கே கொடுத்துடலாம்னு எடுத்துட்டுப் போனேன். ஹெச்டிஎம்ஐ கேபிளை டிவியில சொருகினதும் படம் பளிச்சுன்னு வந்தது. சத்தம் வரல. அக்கா பையன் உடனே, "மாமா, பேசாம விண்டோஸ் போட்டுக் கொடுத்துடுங்க"ன்னான்.

அவனைக் குத்தம் சொல்ல முடியாது. 2011-ல தொடங்கின அரசு இலவச லேப்டாப்ல விண்டோஸோட சேர்த்து, சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்தது. எனக்குத் தெரிஞ்ச வட்டத்துல அதைத் திறந்து பார்த்தவங்க ரெண்டு மூணு பேர்தான். இப்படி ஒருதரம் சத்தம் வரலைன்னா, அந்தப் பக்கமே அப்புறம் யாரும் போக மாட்டாங்க.

சரி, சத்தம் எங்க போச்சு? ஹெச்டிஎம்ஐ கேபிள் ஒண்ணுதான். ஆனா லேப்டாப் உள்ள அதுக்கு ரெண்டு டிரைவர். படத்தைக் கிராபிக்ஸ் டிரைவர் பார்த்துக்கும். சத்தத்தைச் சவுண்டு டிரைவர். டிவியைச் சொருகினதும், 'நான் இன்ன டிவி, இன்ன விதமான ஆடியோ எனக்குப் புரியும்'னு டிவி ஒரு விவரம் அனுப்பும். அதைப் படிக்கிறது கிராபிக்ஸ் டிரைவர். அதுல ஆடியோ சம்பந்தப்பட்டதை மட்டும் சவுண்டு டிரைவர்கிட்ட ஒரு சீட்டு மாதிரி கொடுக்கும். அந்தச் சீட்டுக்குப் பேர் ஈஎல்டி.

இன்டெல் சிப் இருக்கிற நிறைய லேப்டாப்ல ஹெச்டிஎம்ஐ ஆடியோவுக்கு மூணு வழி இருக்கும். 'ஏபிளே மைனஸ் எல்'னு அடிச்சா 3, 7, 8-ன்னு நம்பர் காட்டும். வரிசையா 1, 2, 3-ன்னு வைக்கக் கூடாதான்னு எனக்கும் கோபம்தான். வெளியில ஒரே ஒரு துவாரம் இருந்தாலும் மூணும் லிஸ்ட்ல வரும். எந்த நம்பர் எந்தத் துவாரத்துக்குப் போகுதுங்கிறது போர்டு செஞ்ச கம்பெனி போட்ட இணைப்பைப் பொறுத்தது. தப்பான நம்பருக்கு அனுப்பினா பெரும்பாலும் எர்ரர்கூட வராது. பாட்டு ஓடிட்டே இருக்கும், யார் காதுலயும் விழாது.

'ப்ராக்' ஃபோல்டருக்குள்ள 'ஏசவுண்ட்', அதுக்குள்ள 'கார்டு0'. அங்க ஈஎல்டின்னு ஆரம்பிக்கிற ஃபைல்களை ஒவ்வொண்ணா திறந்தேன். முதல்ல ஒண்ணுமில்ல. ரெண்டாவதுல 'மானிட்டர் ப்ரெசென்ட் 1, ஈஎல்டி வேலிட் 1', கூடவே டிவியோட பேரு! ரெண்டாவதுன்னா நம்பர் 7. 'ஸ்பீக்கர்-டெஸ்ட்' கமாண்டுல கார்டு 0, டிவைஸ் 7 கொடுத்தேன். டிவியிலேருந்து ஒரு பொம்பளை குரல் "ஃப்ரன்ட் லெஃப்ட்"னு சொன்னதும் திண்ணை முழுக்கச் சிரிப்பு.

அப்போ 3-க்கு அனுப்பினது யாரு? நான்தான். சென்னை ரூம்ல வேற துவாரத்துல மானிட்டர் மாட்டினப்போ, எங்கேயோ பார்த்த ஒரு வரியை பல்ஸ்ஆடியோ கன்ஃபிக்ல ஒட்டி, டிவைஸ் 3-ன்னு ஆணி அடிச்சு வச்சுட்டு மறந்துட்டேன். அந்த வரியை எடுத்துட்டு பல்ஸ்ஆடியோவை மறுபடி ஸ்டார்ட் பண்ணேன். எது சொருகியிருக்குன்னு அதுவே பார்த்து, செட்டிங்ஸ்ல சரியான ஹெச்டிஎம்ஐயைக் காட்டிடுச்சு. புது கர்னல்கள்ல சில இன்டெல் சிப்களுக்கு இந்த நம்பர் சொருகும்போதுதான் ஒதுக்கப்படுது. அங்கெல்லாம் ஆணி அடிக்கிறது இன்னும் மோசம்.

எல்லா ஃபைல்லயும் வேலிட் 0-ன்னு வந்தா சவுண்டு டிரைவரை நோண்டாதீங்க. சீட்டே வந்து சேரலைன்னு அர்த்தம். கேபிள், கன்வெர்ட்டர், கிராபிக்ஸ் டிரைவர் பக்கம் பாருங்க. நடுவுல விஜிஏ கேபிள் இருந்தா, அதுல சத்தம் போக வழியே கிடையாது.

அக்கா வறுத்த மல்லாட்டை கொண்டுவந்து வச்சாங்க. பையன் ஒரு கை அள்ளிக்கிட்டு, கேபிளைப் பிடுங்கிட்டு, "இப்போ அந்த ஃபைல்ல என்ன மாமா வரும்?"னான். திறந்து பார்த்தோம். மானிட்டர் ப்ரெசென்ட் 0.