மழைக்காலப் பாம்புகள்... அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

வடகிழக்குப் பருவமழை நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் போதும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் பாம்புப் படங்கள் வரத் தொடங்கிவிடும். ஷூவுக்குள், பைக் சீட்டுக்கு அடியில், சமையலறை சிங்க்குக்குக் கீழே... கூடவே, ‘இது விஷப் பாம்பா?’ என்ற பதற்றமான கேள்வி.

இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கொரட்டூர், அம்பத்தூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, போரூர், செம்பரம்பாக்கம் என ஏரிகள் நிறைந்த பகுதி இது. ஏரிக்கரைகளிலும் பழைய வயல்களிலும்தான் இன்றைய நகர்கள் எழுந்திருக்கின்றன. வளைக்குள் மழைநீர் புகுந்ததும் பாம்பு காய்ந்த இடம் தேடி மேடேறுகிறது. அங்கே எலியும் இருந்தால் தங்கிவிடுகிறது.

உலகிலேயே கடுமையான விஷம் கொண்ட பாம்புகள் ஆஸ்திரேலியாவில் இருக்கின்றன. ஆனால், அங்கே பாம்புக்கடியால் ஆண்டுக்கு ஓரிருவர்தான் இறக்கிறார்கள். இந்தியாவிலோ 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கடித்த பிறகு வீணாகும் நேரம் இங்கே பல உயிர்களைப் பறிக்கிறது.

நான்கு பாம்புகளை அறிவோம்

வீட்டுப் பக்கம் வருபவற்றில் சாரை, தண்ணீர்ப் பாம்பு போன்ற விஷமில்லாதவை நிறைய. உயிரிழப்புகளுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை நான்கு.

* நல்ல பாம்பு: சீண்டினால் படமெடுக்கும்.
* கண்ணாடி விரியன்: தடித்த பழுப்பு உடல், சங்கிலி கோத்ததுபோல் வட்டங்கள். குக்கரில் ஆவி வருவதுபோல் பலமாகச் சீறும்.
* கட்டு விரியன்: பளபளக்கும் கறுப்பு உடலில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். இரவில் நடமாடும்.
* சுருட்டை விரியன்: சிறியது. உடலைச் சுருட்டி, செதில்களை உரசிச் சரசரவென ஒலி எழுப்பும்.

படத்தை வைத்து அடையாளம் காண்பதில் தவறு நேரலாம். குட்டிப் பாம்பு என்று அலட்சியமும் வேண்டாம். விரியன் குட்டிக்குப் பிறக்கும்போதே விஷம் உண்டு.

வலிக்காத கடி

நான்கில் அதிகம் ஏமாற்றுவது கட்டு விரியன். தரையில் பாய் விரித்துத் தூங்குபவர்களைக் கடிக்கும். எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலி இல்லாமல் போகலாம். வீக்கம் இருக்காது. பல் பதிந்த தடமே தெரியாமலும் போகும்.

நள்ளிரவில் வயிற்றுவலியும் வாந்தியும் வரும். ‘ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை’ என்று ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்துவிடுவார்கள். அதற்குள் இமைகள் தானாக மூடும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. அடுத்து மூச்சுத் திணறல். தரையில் படுத்தவருக்கு இந்த அறிகுறிகள் தெரிந்தால், கடித்த தடம் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ‘விடியட்டும் பார்க்கலாம்’ என்பது உயிருக்கு ஆபத்து.

கடித்தால்...

* 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் தாமதமானால் கிடைக்கிற வண்டியில் கிளம்புங்கள். பைக்தான் என்றால் கடிபட்டவரை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.
* கடிபட்டவரை நடக்கவோ ஓடவோ விடாதீர்கள். கை, கால் அசையாதபடி, எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் கட்டை வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள்.
* மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, வாட்ச் ஆகியவற்றை வீக்கம் வருவதற்குள் கழற்றிவிடுங்கள்.
* கயிறு கட்டி இறுக்குவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, பச்சிலை அரைத்துப் பூசுவது எதுவும் வேண்டாம்.
* பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துப்போக வேண்டியதில்லை. விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கும் பொதுவானது. கடித்த நேரத்தையும், என்னென்ன அறிகுறி எப்போது வந்தது என்பதையும் மருத்துவரிடம் சொன்னால் போதும்.

கடிபட்ட கையையோ காலையோ முழுக்கத் துணி சுற்றி இறுக்கும் ஆஸ்திரேலிய வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அது அந்த ஊர்ப் பாம்புகளுக்கான முறை. நம் விரியன்களின் விஷம் கடித்த இடத்துச் சதையை அழிக்கும். இறுக்கினால் பாதிப்பு அதிகமாகும்.

கிட்டத்தில் எந்த அரசு மருத்துவமனையில் 24 மணி நேர அவசரப் பிரிவு இருக்கிறது என்று இப்போதே விசாரித்து, எண்ணைப் போனில் பதிந்துவையுங்கள். அங்கே விஷமுறிவு மருந்து இலவசம். சிறிது ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விரியன் விஷம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், 24 மணி நேரக் கண்காணிப்பு முடியும் முன் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

வீட்டுக்குள் வந்தால்...

திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் புற்றுக்குப் பால் வார்க்கும் கைதான், பாம்பு வீட்டுக்குள் வந்ததும் கட்டையைத் தேடுகிறது. அடிக்கப் போவதும் பிடிக்கப் போவதும் கடி வாங்குவதற்கான வழிகள். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பைக் கொல்வது குற்றமும்கூட.

குழந்தைகளையும் நாயையும் வெளியேற்றி, அந்த அறைக் கதவைச் சாத்தி, இடுக்கில் துணியைச் செருகுங்கள். தீயணைப்புத் துறையை 101-ல் அழையுங்கள்.

வராமல் தடுக்க...

* உப்பு, பூண்டு, பெனாயிலை நம்பியிருக்க முடியாது. எலியை ஒழியுங்கள்.
* செங்கல், விறகு, பழைய சாமான்களைச் சுவரோரம் குவிக்காதீர்கள். கழிவுநீர்க் குழாய் வாய்க்கு வலை போடுங்கள். வாசல் கதவின் கீழ் இடுக்கை அடையுங்கள்.
* கட்டிலில் படுங்கள். தரையில்தான் என்றால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். கட்டு விரியனும் உள்ளே வராது.
* இரவில் போன் டார்ச் இல்லாமல் வெளியே கால் வைக்காதீர்கள். ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

மருந்துக்குப் பின்னால்...

விஷமுறிவு மருந்துக்குத் தேவையான விஷத்தை எடுத்துத் தருபவர்கள் இருளர்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கப்பட்டது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நான்கு வகைப் பாம்புகளையும் பிடித்து, விஷம் எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து தயாரிக்கிறார்கள். இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃப்ளோரிடா வரை போய்வந்தவர்கள் இவர்கள்.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. அரசு, தனியார் மருத்துவமனைகள் இரண்டுமே ஒவ்வொரு கடியையும் தெரிவிக்க வேண்டும். எந்தப் பகுதிக்கு எவ்வளவு மருந்து தேவை என்று திட்டமிட இது உதவும்.

மருந்து மருத்துவமனையில் இருக்கிறது. கடிபட்டவரைத் தாமதிக்காமல் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வீட்டில் இருப்பவர்களின் வேலை.