கண்ணீருக்கு ஒரு சிறு அணை



"கண்ணீர் நிற்க மருந்து கேட்டு வருகிறவர்கள் உண்டு ஐயா. கண்ணீரைத் தேக்கி வைக்க ஒரு தக்கையா?" என்று கண் பிரிவின் வராந்தாவில் ஒரு தாயார் என்னிடம் கேட்டார்கள். அருகில் இருந்த அவர்கள் மகள் தொடக்கப்பள்ளி ஆசிரியை. பதில் தெரியாமல் நானும் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

அந்த ஆசிரியைக்கு இருப்பது கெரட்டோகோனஸ் என்னும் நோய். கருவிழியின் முன்புறத் திரை மெலிந்து, கூம்பு போல முன்னே பிதுங்கிவிடுகிறது. பெரும்பாலும் வாலிப வயதில் தொடங்குகிறது. நோய் முற்றினால் மூக்குக்கண்ணாடி போட்டாலும் எழுத்துகள் நிழல் விழுந்தாற்போலவே தெரியும். இவர்களுக்குக் கெட்டியான கான்டாக்ட் லென்ஸ்தான் பார்வை கொடுக்கிறது. அது வேலை செய்யும் விதத்தைக் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. மேடுபள்ளமான கருவிழிக்கும் வழவழப்பான லென்ஸுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கண்ணீர் நிரப்பி, எல்லாவற்றையும் சமமாக்கிவிடுகிறது. ஆக, லென்ஸோடு கண்ணீரும் சேர்ந்துதான் கண்ணாடியாகிறது.

அந்தக் கண்ணீர் குறைந்தால்? லென்ஸ் உறுத்தும், கண் சிவக்கும், மதியத்துக்குள் கழற்றிவிட வேண்டியதாகும். கழற்றினால் கரும்பலகை தெரியாது. அரிக்கிறதே என்று கண்ணைக் கசக்கினால் கெரட்டோகோனஸ் மேலும் மோசமாகக்கூடும். லென்ஸை அறவே போட முடியாமற்போனால், சிலருக்குக் கருவிழி மாற்று அறுவைச் சிகிச்சை வரை போக நேரிடும். அந்தத் தாயாரின் கவலை வீண் கவலையல்ல.

கிட்டப்பார்வைக்காக மிருதுவான லென்ஸ் போடுகிறவர்களுக்கும் வறட்சி உண்டு. (செக் நாட்டு விஞ்ஞானி ஓட்டோ விக்டர்லே 1961ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு வீட்டிலேயே ஒரு இயந்திரம் செய்து வார்த்தெடுத்தவை இந்த மிருதுவான லென்ஸுகள்.) கண்ணின் மேல் படர்ந்திருக்கும் மெல்லிய கண்ணீர்ப் படலத்தை லென்ஸ் இரண்டாகப் பிரிப்பதால் அது சீக்கிரம் ஆவியாகிறது. கம்ப்யூட்டரையும் செல்போனையும் உற்றுப் பார்க்கிறபோது நாம் கண் சிமிட்டுவதும் குறைகிறது. ஜலதோஷத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும், மூட்டுவாத நோய்கள் சிலவும், மாதவிலக்கு நிற்கும் வயதும் வறட்சியைக் கூட்டும்.

இனி தக்கைக்கு வருவோம். கண்ணாடி முன் நின்று கீழிமையை மூக்கின் ஓரத்தில் சற்றே இழுத்துப் பாருங்கள். ஊசி முனை அளவு ஒரு துவாரம் தெரியும். மேலிமையிலும் அப்படியே. கண்ணுக்கு இரண்டாக, மொத்தம் நான்கு. பழைய கண்ணீர் இவற்றின் வழியாக மூக்குக்குள் வடிகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதும், கண்ணில் விட்ட சொட்டு மருந்து தொண்டையில் கசப்பதும் இதனால்தான். கிணற்றில் ஊற்றுக் குறைவானால் வாய்க்காலை அடைத்து இருக்கிற தண்ணீரைக் காப்பது போல, இந்தத் துவாரத்தை அடைத்தால் சுரக்கிற கொஞ்சக் கண்ணீரும் கண்ணிலேயே தங்கும். 1935இலேயே பீத்தம் என்ற அமெரிக்க மருத்துவர் ஜெலட்டின் குச்சிகளால் இதைச் செய்து பார்த்தார். இன்று வழக்கத்திலுள்ள சிலிக்கோன் தக்கையை 1975இல் அறிமுகப்படுத்தியவர் ஃப்ரீமேன் என்பவர்.

ஆனால் வந்தவுடன் தக்கை வைத்துவிடுவதில்லை. முதலில் ஷெர்மர் பரிசோதனை: ஒரு சிறு வடிதாள் துண்டைக் கீழிமையில் மாட்டி, 5 நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்க்கிறார்கள். 5 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் கடும் வறட்சி. நம் ஆசிரியைக்கு 4தான் நனைந்தது. அடுத்து இமை ஓரத்தில் வீக்கமோ, எண்ணெய்ச் சுரப்பிகளில் அடைப்போ உண்டா என்று பார்க்கிறார்கள். இருந்தால் அதற்கே முதல் வைத்தியம். "சாக்கடைத் தண்ணீரைத் தேக்கி வைக்கலாமா ஐயா?" என்றார் டாக்டரம்மா. செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகள், லென்ஸின் வகையை மாற்றுவது, போடும் நேரத்தைக் குறைப்பது எல்லாம் முன்னதாகவே முயன்று பார்க்க வேண்டியவை.

இவற்றால் போதிய பலன் இல்லாவிட்டால், சில நாட்களில் தானே கரைந்துவிடும் கொலாஜன் தக்கையைக் கீழ்த் துவாரங்களில் வைத்துப் பார்க்கலாம். சுகம் தெரிந்தால், கண்ணும் ததும்பி வழியாவிட்டால், பிறகு சிலிக்கோன். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, துவாரத்தை அளந்து, உட்கார வைத்தபடியே பொருத்துகிறார்கள். கத்தியும் இல்லை, தையலும் இல்லை. வேண்டாமென்றால் இடுக்கியால் எடுத்துவிடலாம்.

இது எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் எழுதினால் உண்மையாகாது. தக்கை கழன்று விழுவது சகஜம். சிலருக்கு ஓரத்தில் உறுத்தும், சிலருக்குக் கண்ணீர் கன்னத்தில் வழியும், அபூர்வமாகக் கிருமி தொற்றும். 2017இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும், இதன் பலன் இன்னும் திட்டமாக நிரூபிக்கப்படவில்லை என்றே சொல்லியது. ஆகவே தக்கை வைத்த பின்னும் சொட்டு மருந்தை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவவே கூடாது. கண் வலித்து, சிவந்து, பார்வை மங்கினால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆசிரியைக்குச் சிலிக்கோன் தக்கை வைத்த மூன்றாம் வாரமே வலது கண்ணில் இருந்தது விழுந்துவிட்டது. முகம் துடைக்கையில் போயிருக்கும் என்றார். சற்றுப் பெரிய அளவில் வேறொன்று வைத்தார்கள். அன்று அவர் டாக்டரம்மாவிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இனிமேல் அழுதால் மூக்கு ஒழுகாதா டாக்டர்?"

"மேலே இரண்டு வாசல் திறந்துதானே இருக்கிறது, தாராளமாக ஒழுகும்" என்றார் டாக்டரம்மா. இப்போது பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை லென்ஸ் போட முடிகிறதாம். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுகிறார்.