இளஞ்சிறார் நலனும் நன்னடத்தைக் கண்காணிப்பும்

ஒரு சமுதாயத்தின் நாளைய நிலை, அது இன்று தன் சிறாரைப் பேணும் முறையைப் பொறுத்தே அமைகிறது. பெற்றோரின் அரவணைப்பில் வளரும் பிள்ளை தவறு செய்தால் வீடே அவனைத் திருத்திக்கொள்ளும். ஆதரவற்ற பிள்ளை தவறு செய்துவிட்டால், அவனை அணைப்பதா, கண்டிப்பதா என்ற வினா எழுகிறது. இவ்வினாவிற்கு நம் நாட்டுச் சட்டம் கண்டுள்ள விடையினை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டம் கடந்து வந்த பாதை

இந்திய மாகாணங்களுள் சிறார் சட்டத்தை முதன்முதலில் இயற்றிய பெருமை சென்னை மாகாணத்திற்கே உரியது. 1920-இல் சென்னை காட்டிய வழியினை 1922-இல் வங்காளமும், 1924-இல் பம்பாயும் பின்பற்றின. 1986-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் சிறாரை இரு பிரிவினராக்கியது. புறக்கணிக்கப்பட்டோர் நல வாரியத்திடமும், குற்றம் புரிந்தோர் இளைஞர் நீதிமன்றத்திடமும் ஒப்படைக்கப்பட்டனர். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண், பெண் இருபாலாருக்கும் 18 வயதை எல்லையாக்கியது. இன்று நடைமுறையிலுள்ளது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமாகும்.

இரு வாயில்கள்

இச்சட்டத்தின்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் குழந்தைகள் நலக் குழுவின் பொறுப்பில் வருவர். இக்குழு ஒரு தலைவரையும் நான்கு உறுப்பினர்களையும் கொண்டது. சட்டத்துடன் முரண்பட்ட சிறார், ஒரு நடுவரும் இரு சமூகப் பணியாளர்களும் அடங்கிய இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படுவர்.

ஆனால், வாழ்க்கை இவ்வாறு இரண்டாகப் பிரிந்து நிற்பதில்லை. தாயை இழந்து, தந்தையின் குடிக்கு அஞ்சி வீட்டை விட்டு ஓடிவந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். பேருந்து நிலையத்தில் உறங்கும் அவன், பசியின் கொடுமையால் ஒரு பணப்பையைத் திருடிப் பிடிபடுகிறான். முதல் நாள் வரை அவன் இரக்கத்திற்குரியவன். மறுநாள் குற்றம் சாட்டப்பட்டவன். சிறுவன் ஒருவனே, மாறியது அவனைப் பற்றிய கோப்பு மட்டுமே.

2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு இவ்வுண்மையை ஏற்றுக்கொள்கிறது. சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை, அதே வேளையில் பராமரிப்பு தேவைப்படும் குழந்தையாகவும் இருக்கக்கூடும் என்றும், அந்நிலையில் குழுவும் குழுமமும் இணைந்து ஈடுபட வேண்டும் என்றும் அது கூறுகிறது. எந்தக் கட்டத்திலும் குழுமம் அச்சிறுவனின் பராமரிப்பைக் குழுவிடம் ஒப்படைக்கலாம்.

நன்னடத்தை அலுவலரின் பணி

இவ்விரு வாயில்களையும் இணைக்கும் பாலமாக விளங்குபவர் நன்னடத்தை அலுவலர். சிறுவன் முதன்முதலில் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் சமூக விசாரணை அறிக்கை அளிக்கப்பட வேண்டும். குடும்பநிலை, கல்வி, தோழமை, தவறு நிகழ்ந்த சூழல் ஆகியவற்றை அவ்வறிக்கை எடுத்துரைக்கும். நலக் குழுவின் விசாரணையிலும் சமூக அறிக்கைக்கு 15 நாட்களே வரையறை. இரு அமைப்புகளும் ஒன்றின் அறிக்கையை மற்றொன்றுக்கு வழங்கினால், அச்சிறுவன் தன் துயரக் கதையை இருமுறை சொல்ல நேராது.

அறிக்கை வெறும் சடங்காகிவிட்டால் விளைவு கொடிது. பிணையில் விடுவிக்கப்படும் சிறுவன் எங்கே செல்வான்? வீடில்லாதவனுக்கு விடுதலை என்பது மீண்டும் அதே பேருந்து நிலையமே. இதனாலேயே அவனை நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையிலோ, தகுதியுடைய ஒருவரின் பராமரிப்பிலோ விடுவதற்கும் சட்டம் இடமளிக்கிறது. பிணை நிபந்தனையை 7 நாட்களுக்குள் நிறைவேற்ற இயலாதவனை மீண்டும் குழுமத்தின் முன் நிறுத்தி, நிபந்தனையை மாற்றியமைக்கவும் வழியுண்டு. மாவட்ட அளவில் இப்பணிகளை ஒருங்கிணைப்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் கடமையாகும்.

நமது கடமை

அலுவலகங்கள் மட்டும் ஒருங்கிணைந்தால் போதாது. திரும்பி வரும் மாணவனைப் பள்ளியில் மீண்டும் சேர்த்துக்கொள்ளும் ஆசிரியரும், தொழில் கற்றுத்தர முன்வரும் பெரியோரும், தெருவில் தவிக்கும் குழந்தையைக் கண்டதும் 1098 என்ற எண்ணை அழைக்கும் மாணவரும் இச்சங்கிலியின் கண்ணிகளே. ஒரு கண்ணி அறுந்தாலும் நழுவி விழுவது ஓர் இளம் உயிர் என்பதை நாம் மறத்தலாகாது.