பணிவிடையும் பிணியும்: எண்ணச் சுழற்சி நோயும் குடும்ப வாழ்வும்

உளநோய் பற்றிய எமது சிந்தனை பெரும்பாலும் நோயாளியோடு தொடங்கி நோயாளியோடு முடிந்துவிடுகின்றது. அவரைச் சூழ்ந்து வாழ்வோர் பராமரிப்பாளர் என்ற பெயரில் பின்னணியில் நிறுத்தப்படுகின்றனர். எனினும், சில நோய்கள் ஒருவரின் உள்ளத்திலே தோன்றி ஒரு வீட்டின் நடைமுறையாகவே மாறிவிடும் இயல்புடையன. எண்ணச் சுழற்சி நோய் அத்தகையது. வளர்ந்த ஒருவரை இந்நோய் பற்றும்போது குடும்பம் எவ்வாறு அதனுள் ஈர்க்கப்படுகின்றது, அதிலிருந்து மீளும் வழி யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நோய்க்கு இரு கூறுகள் உண்டு. விரும்பாமலே மீண்டும் மீண்டும் எழுந்து அச்சமோ அருவருப்போ விளைவிக்கும் எண்ணம் ஒன்று. அதனைத் தணிப்பதற்கெனத் திரும்பத் திரும்பச் செய்யப்படும் செயல் மற்றொன்று. கை கழுவுதல், கதவு பூட்டப்பட்டதா எனப் பார்த்தல், பொருள்களை ஒழுங்குபடுத்தல், மனத்துள் எண்ணுதல் எனச் செயல்கள் பலவகைப்படும். தம் அச்சம் மிகையானது என்பதை நோயாளர் பலரும் அறிவர்; அறிந்தும் விட இயலாமையே அவர்தம் துன்பம். வாழ்நாளில் நூற்றுக்கு ஏறத்தாழ இருவரை இந்நோய் பற்றுகின்றது. பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளிலோ தொடங்குவதால், கல்வியும் தொழிலும் இல்லறமும் உருவாகும் காலத்தையே அது தாக்குகின்றது.

ஒரு வீட்டை உதாரணத்துக்காகக் கற்பனை செய்வோம். முப்பது வயது மகன் அலுவலகத்திலிருந்து திரும்புகின்றான். தாய் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக் காத்திருக்கின்றாள். அவன் குழாயைத் தொட்டால் முதலிலிருந்து கழுவவேண்டும். அவனுடைய உடுப்புகள் தனியே தோய்க்கப்படுகின்றன. வெளியே அணிந்த சேட்டுடன் தந்தை விறாந்தைக் கதிரையில் அமர இயலாது. இரவில், “கதவு பூட்டியாச்சுதா அம்மா?” என்ற வினாவுக்கு இருபது முறை “ஓம், பூட்டியாச்சு” என விடை கூறவேண்டும். தங்கையோ தோழியரை வீட்டுக்கு அழைப்பதை நிறுத்திவிட்டாள். இவற்றை எவரும் திட்டமிடவில்லை. ஒவ்வொன்றும் ‘இன்றைக்கு மட்டும்’ என்ற இரக்கத்தில் தொடங்கி, வீட்டின் விதியாக நிலைபெற்றது.

இதனை ஆய்வாளர்கள் ‘குடும்ப இசைவு’ என்ற கருத்தால் விளக்குவர். அமெரிக்காவில் கல்வொகொரெசியும் அவருடன் பணியாற்றியோரும் 1995 இல் வெளியிட்ட ஆய்வு, நோயாளரின் உறவினரில் மிகப் பெரும்பான்மையோர் ஏதோவொரு வகையில் நோயின் கட்டளைகளுக்கு இசைந்து நடப்பதைக் காட்டியது. பிந்திய ஆய்வுகள் பலவும், இசைவு மிகுந்த இடத்தில் நோயின் கடுமையும் மிகுந்திருப்பதை உணர்த்தின. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. தாயின் விடை மகனது பதற்றத்தைச் சில நிமிடங்களுக்குத் தணிக்கின்றது. ஆனால் விடை பெறாமலும் பதற்றம் தானே தணியும் என்பதைக் கற்கும் வாய்ப்பை அவன் இழக்கின்றான். ஐயம் மீண்டும் எழுகின்றது; வினாவும் மீண்டும் எழுகின்றது.

இதிலிருந்து குடும்பமே குற்றவாளி என்ற முடிவுக்கு வருதல் தவறாகும். உளநோய்களுக்குத் தாயின் வளர்ப்பைக் காரணம் காட்டிய போக்கு உளமருத்துவ வரலாற்றில் நெடுங்காலம் நிலவியது. அது பெண்களுக்கு இழைத்த அநீதி பெரிது. குடும்பத்தின் இசைவு நோயைத் தோற்றுவிப்பதன்று. நோயின் நெருக்குதலுக்கு அன்புடையோர் அளிக்கும் மறுமொழியே அது. அன்றியும், அதன் சுமை வீட்டில் எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. தோய்ப்பவளும் துடைப்பவளும் விடை சொல்பவளும் பெரும்பாலும் தாயோ மனைவியோ சகோதரியோ ஆவர். ஏற்கனவே ஊதியமற்ற வீட்டுழைப்பின் மேல் நோயின் உழைப்பும் ஏற்றப்படுகின்றது. அதுவும் கடமை என்ற பெயரால் கண்ணுக்குத் தெரியாததாகிவிடுகின்றது.

நோயை மறைக்கும் மற்றொரு திரை பண்பாடாகும். துடக்கும் ஆசாரமும் போற்றப்படும் சமூகத்தில் மணிக்கணக்கிற் குளிப்பவர் ‘சுத்தக்காரர்’ என்று பெயர் பெறுவார். இது எமக்கு மட்டும் உரியதன்று. தொழுகைக்கு முன் கழுவுவதில் எழும் ஓயாத ஐயத்தை இசுலாமிய அறிஞர் ‘வஸ்வாஸ்’ எனக் கண்டித்தனர். கத்தோலிக்க மரபில் லொயோலா இஞ்ஞாசியார் மிகையான பாவ அச்சம் பற்றி நெறிகள் வகுத்தார். நோய் தன் உள்ளடக்கத்தைச் சூழலிலிருந்து பெறுகின்றது. அதன் அமைப்போ எங்கும் ஒன்றே. திருமணப் பேச்சுகள் குழம்பிவிடும் என்ற அச்சமும் சேரும்போது மருத்துவரை நாடுதல் ஆண்டுக்கணக்கிற் பிற்போடப்படுகின்றது.

ஆயினும் இது சிகிச்சைக்கு இணங்கும் நோயாகும். அஞ்சுவதை எதிர்கொள்ளச் செய்து, கட்டாயச் செயலைத் தவிர்க்கப் பழக்கும் முறையை இலண்டனில் விக்ரர் மேயர் 1966 இல் இரு நோயாளரைக் கொண்டு விவரித்தார். அது இன்று முதன்மையான உளவியற் சிகிச்சையாக வளர்ந்துள்ளது. குளோமிப்பிரமினும், செரற்றோனின் மீளுறிஞ்சலைத் தடுக்கும் மருந்துகளும் பலருக்குப் பயனளிக்கின்றன.

குடும்பத்தின் பணி இச்சிகிச்சையோடு இணைதல் வேண்டும். இசைவைத் திடீரென அறுத்தெறிதல் கொடுமையாகும். ஏசுதலும் பரிகசித்தலும் நோயை வளர்க்கும். அமைதியான வேளையில் நோயாளியுடன் கலந்து பேசி, ஒன்றன்பின் ஒன்றாக இசைவுகளைக் குறைத்தலே தகும். இருபது விடைகள் முதலிற் பத்தாகலாம்; பின்னர், “இது நோய் கேட்கிற கேள்வி; உனக்குக் கஷ்டம் எண்டு தெரியும், நான் பக்கத்திலை இருக்கிறன்” என்ற சொல் விடையின் இடத்தைப் பெறலாம். தொடக்கத்திற் பதற்றம் உயரும். அது தோல்வியின் அடையாளமன்று. உயிரை மாய்க்கும் பேச்சு எழுமாயின் உடனடியாக மருத்துவ உதவி நாடப்படல் வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு தாய் தனித்துச் செய்தல் இயலாது. இலங்கையின் 2005 ஆம் ஆண்டு உளநலக் கொள்கை, சேவைகளைப் பெரிய மனநோய் மருத்துவமனைகளிலிருந்து சமூகத்தை நோக்கி நகர்த்த முற்பட்டது. அந்நகர்வு நோயாளியின் வீட்டு வாசலையும் அடைதல் வேண்டும். சிகிச்சை அறையில் நோயாளிக்கு அளிக்கப்படும் கதிரைக்கு அருகே, குழாயைத் திறந்து காத்திருந்த அந்தத் தாய்க்கும் ஒரு கதிரை இடப்படல் வேண்டும். அவளது அன்பு நோய்க்குப் பணிவிடை செய்வதை விடுத்து மகனுக்குத் துணையாக மாறுவதற்கு, அவளுக்கும் அறிவும் ஓய்வும் துணையும் தேவை. அவற்றை வழங்குதல் கருணை அன்று, சமூகத்தின் கடமையாகும்.