விரிக்காமலே நிரூபிக்கலாம்

கேமரன் மலைக்கு 1885-ஆம் ஆண்டில் வந்த வில்லியம் கேமரன் ஒரு நில அளவையாளர். நிற்கும் இடத்திலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு தொலைவு என்பதுதான் அத்தொழிலின் அடிப்படைக் கேள்வி. எஸ்டிபிஎம் கணிதத்தில் அதே கேள்வி ‘மட்டு’ என்ற பெயரில் வருகிறது. தோட்டப்புறப் பிள்ளைகள் அதிகச் செலவின்றி அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குச் செல்ல படிவம் 6 நல்ல வழி. அங்கே கலப்பெண் பாடத்தில் ‘நிரூபி’ என்ற சொல்லைக் கண்டதும் பேனாவை மூடிவிடும் மாணவர்கள் உண்டு. அவர்களின் பெற்றோரும் இதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நல்லது.

தேயிலைத் தோட்டம் ஒன்றின் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். கொழுந்து நிறுக்கும் இடம் பூஜ்ஜியம். 100 மீட்டர் ஓர் அலகு. கிழக்கே 3, வடக்கே 4 அலகு தள்ளி ஒரு மரம் நிற்கிறது. அதன் கலப்பெண் 3 + 4ஐ. ‘ஐ’ என்பது தன்னைத்தானே பெருக்கினால் −1 தரும் எண். மரத்துக்கு நேர்த்தொலைவு 5 அலகு; அதுவே மட்டு. (சரிவில் ஏறி இறங்கும் கால்களைக் கேட்டால் கூடுதலாகத்தான் சொல்லும். இங்கே வரைபடத்துத் தூரமே கணக்கு.)

வரைபடத்தைக் கிழக்கு மேற்குக் கோட்டில் மடித்தால் மரம் 3 − 4ஐ என்ற இடத்தில் விழும். இது இணைக் கலப்பெண். இரண்டையும் பெருக்கினால் 9 + 16 = 25, அதாவது மட்டின் வர்க்கம். ‘ப’ ஒரு கலப்பெண், ‘ப*’ அதன் இணை என்றால், ப × ப* = |ப|². மாணவர் கையில் இருக்க வேண்டிய சாவி இது ஒன்றுதான். கூட்டலின் இணை இணைகளின் கூட்டல், பெருக்கலின் இணை இணைகளின் பெருக்கல் என்பதையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

|ப + ம|² + |ப − ம|² = 2|ப|² + 2|ம|² என்று நிரூபிக்கச் சொன்னால், பலர் மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி என்று நான்கு எழுத்துகளை வைத்து ஒரு பக்கம் நிரப்புவார்கள். நடுவில் ஒரு குறி மாறினால் உழைப்பெல்லாம் வீண். சாவியைப் போட்டுப் பாருங்கள்:

(ப + ம)(ப* + ம*) = |ப|² + பம* + மப* + |ம|²
(ப − ம)(ப* − ம*) = |ப|² − பம* − மப* + |ம|²

கூட்டினால் நடு உறுப்புகள் அடிபட்டுப் போகும். வேலை முடிந்தது. ஓர் இணைகரத்தின் மூலைவிட்டங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் நான்கு பக்கங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை வரும் என்பதே இதன் வரைபடப் பொருள்.

|பம| = |ப||ம| என்பதும் இப்படித்தான். |பம|² = பம × ப*ம* = பப* × மம* = |ப|²|ம|². மட்டு குறை எண்ணாக இருக்காது என்பதால் வர்க்கமூலம் எடுக்கலாம். அந்தக் கடைசி வரியை எழுதாமல் விடுவது வீண் இழப்பு. இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகைகளைப் பெருக்கினால் மீண்டும் அப்படியொரு கூட்டுத்தொகையே வரும் என்ற இதன் உட்பொருள், 628-இல் பிரம்மகுப்தர் எழுதிய நூலிலேயே இன்னும் பொதுவான வடிவில் இருக்கிறது. 5 × 13 = 65 = 16 + 49. கலப்பெண்கள் பிறந்தது அதற்கும் பல நூற்றாண்டுகள் கழித்து!

எண்களைப் போட்டுப் பார்த்தால் சரியாக வருகிறதே, நிரூபணம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. |ப + ம| = |ப| + |ம| என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ப = 3 + 4ஐ, ம = 1 + 2ஐ. இடப்பக்கம் 52-இன் வர்க்கமூலம், சுமார் 7.21. வலப்பக்கம் 5-உடன் 5-இன் வர்க்கமூலம், சுமார் 7.24. ஒரு தசம இடத்தோடு நிறுத்தினால் இரண்டும் 7.2! சமம் என்றே தோன்றும், ஆனால் சமமில்லை. இரண்டு எண்களும் பூஜ்ஜியத்திலிருந்து ஒரே திசையில் இருந்தாலோ, ஒன்று பூஜ்ஜியமாகவே இருந்தாலோதான் அது உண்மை. மற்ற நேரங்களில் இடப்பக்கம் சிறியது, குறுக்கு வழி எப்போதும் சுற்று வழியைவிடக் குறைவாக இருப்பதைப் போல.