பிஸ்டன் இல்லாத எஞ்சின், பொய் சொல்லும் மீட்டர்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையை ஒட்டி மண்டகப்பட்டு என்று ஒரு சின்ன ஊர் இருக்கு. அங்கே முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து அமைத்த குகைக்கோயிலில் ஒரு கல்வெட்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இந்தக் கோயிலை அமைத்ததாக 7ஆம் நூற்றாண்டிலேயே ராஜா பெருமையாகப் பொறித்து வைத்திருக்கிறார். என்னென்ன சேர்த்தோம் என்று பட்டியல் போடுவது எல்லாரும் செய்வது. எதையெல்லாம் விட்டுவிட்டோம் என்று பட்டியல் போடுவது நம்ம ஆளுங்க, அதாவது இன்ஜினியர்கள் செய்வது.

ஒரு எஞ்சினுக்கும் இதே மாதிரி ஒரு பெருமை உண்டு. பிஸ்டன் இல்லை, கனெக்டிங் ராட் இல்லை, வால்வு இல்லை, கேம்ஷாஃப்ட் இல்லை. அதுதான் வாங்கல் ரோட்டரி எஞ்சின். சொந்தமாக விமானம் கட்டிப் பறப்பவர்களில் ஒரு கூட்டத்துக்கு இதன்மேல் தீராத காதல். "உடையறதுக்கு உள்ளே என்ன இருக்கு?" என்பது அவர்கள் வாதம். வாதம் சரிதான். ஆனால் எஞ்சினுக்குள் குறைந்த கவலை எங்கேயும் காணாமல் போகவில்லை. வெளியே இருக்கும் ஒயர், ஹோஸ், சென்சார் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

எந்த ரோட்டரி?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முதல் உலகப்போர் விமானங்களில் 'நோம்' மாதிரி ரோட்டரி எஞ்சின்கள் இருந்தன. அவற்றில் கிராங்க்ஷாஃப்ட் அசையாமல் நிற்கும், சிலிண்டர்கள் மொத்தமும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். அது வேற ஜாதி. நாம் பேசுவது ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கல் யோசித்து, என்எஸ்யு கம்பெனியில் 1957இல் முதன்முதலாக ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டு வளர்த்தது ஜப்பானின் மஸ்டா. 1991இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை நாலு ரோட்டர் எஞ்சினோடு ஜெயித்த மஸ்டா 787பி காரை யூடியூபில் பார்த்திருப்பீங்க. இல்லையென்றால் ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்க.

வேலை செய்யும் விதம் எளிது. நடுவில் லேசாக இடுப்பு ஒடுங்கிய ஓவல் மாதிரி ஒரு ஹவுசிங். உள்ளே பக்கங்கள் புடைத்த முக்கோண ரோட்டர். ரோட்டர் சுற்றும்போது அதன் மூன்று முனைகளும் எப்போதும் சுவரைத் தொட்டுக்கொண்டே போகும். அதனால் மூன்று அறைகள் உருவாகும். ஒவ்வொரு அறையும் பெரிதாகி, சுருங்கி, மறுபடி பெரிதாகி, சுருங்கும். உறிஞ்சு, அமுக்கு, வெடி, வெளியேற்று: நம்ம பழைய நாலு ஸ்ட்ரோக்தான். ரோட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் நடுவில் இருக்கும் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றிவிடும். ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ரோட்டருக்கு ஒரு வெடிப்பு. மேலும் கீழும் அடித்துக்கொள்ளும் பாகம் எதுவும் இல்லாததால் அதிர்வு ரொம்பக் குறைவு.

முனைகளில் காற்று கசியாமல் பிடிப்பது ஏபெக்ஸ் சீல். அதற்கு எண்ணெய் தேவை. அதனால் கொஞ்சம் எஞ்சின் ஆயிலை வேண்டுமென்றே உள்ளே விட்டு எரிப்பார்கள். ரோட்டரின் உள்பக்கத்தைக் குளிர வைப்பதும் ஆயில்தான். ஆக, இந்த எஞ்சினில் ஆயில் கூலர் என்பது ரேடியேட்டருக்குச் சமமான முக்கியத்துவம் உள்ள உறுப்பு. வெடிக்கும் அறை நீளமாக, ஒல்லியாக இருப்பதால் எரிபொருள் முழுசாக எரியாது. பெட்ரோல் செலவு கூடும், புகைபோக்கியில் சூடும் கூடும். இந்த 'சூடு' விஷயத்தை மறக்காதீங்க, பின்னால் வருது.

விமானத்தில் ஏன்?

ஹோம்பில்ட் ஆட்கள் அதிகம் பயன்படுத்தியது மஸ்டா 13பி. ஒரு ரோட்டருக்கு 654 சிசி வீதம் இரண்டு ரோட்டர், மொத்தம் 1308 சிசி. அமெரிக்காவில் ட்ரேசி குரூக் என்பவர் தன்னுடைய ஆர்வி-4 விமானத்தில் இதை வைத்து வருஷக்கணக்கில் பறந்தார். அதற்கான கியர்பாக்சையும் எஞ்சின் கன்ட்ரோலரையும் தானே வடிவமைத்து மற்றவர்களுக்கும் செய்து கொடுத்தார்.

கியர்பாக்ஸ் எதற்கு? சின்னக் கணக்கு. புரொப்பெல்லர் விட்டம் 1.8 மீட்டர் என்று வையுங்க. ஷாஃப்ட் 6000 ஆர்பிஎம்மில், அதாவது நொடிக்கு 100 சுற்றில் ஓடுது. நேரடியாகப் பொருத்தினால் இறக்கை முனையின் வேகம் 3.14 × 1.8 × 100, சுமார் 565 மீட்டர்/நொடி. ஒலியின் வேகமே 340தான். சத்தம் காதைக் கிழிக்கும், தள்ளுவிசை தேறாது. 2.17க்கு 1 என்ற கியர் போட்டால் முனை வேகம் 260க்கு இறங்கும். பிரச்சினை தீர்ந்தது.

இந்த எஞ்சின் சாகும் விதமும் பைலட்டுகளுக்குப் பிடிக்கும். பிஸ்டன் எஞ்சினில் ஒரு வால்வு உடைந்து உள்ளே விழுந்தால் கதை அங்கேயே முடியலாம். ரோட்டரியில் ஒரு சீல் போனால் பெரும்பாலும் சக்தி குறையும். இருமிக்கொண்டே ஓடி, இறங்க ஓர் இடம் தேட நேரம் கொடுக்கும். ஆனால் கூலன்ட் போனாலோ, ஆயில் போனாலோ, இக்னிஷனுக்குக் கரன்ட் போனாலோ இந்தக் கருணை கிடையாது.

நம்ம நாட்டில்

'இதெல்லாம் அமெரிக்கா கதை' என்று நினைக்க வேண்டாம். டிஆர்டிஓவின் நிஷாந்த் ஆளில்லா விமானம் வாங்கல் எஞ்சினில்தான் பறந்தது. முதலில் பிரிட்டிஷ் எஞ்சின். பிறகு பெங்களூரு என்ஏஎல், அகமதுநகர் விஆர்டிஇ, பெங்களூரு ஏடிஇ மூன்றும் சேர்ந்து 55 குதிரைத்திறன் உள்ள உள்நாட்டு வாங்கல் எஞ்சினை உருவாக்கின. 2009 மார்ச்சில் கோலார் அருகே அந்த எஞ்சினோடு நிஷாந்த் பறந்தது.

ஆளில்லா விமானத்தை ஏன் இழுக்கிறேன் என்றால், அங்கே சென்சார்தான் எல்லாமே. சீட்டில் உட்கார்ந்த பைலட்டுக்கு அதிர்வு தெரியும், வாசனை வரும், சத்தம் மாறினால் காது சொல்லும். தரையில் திரை முன்னால் இருப்பவருக்கு டெலிமெட்ரியில் வரும் எண் மட்டும்தான். எண் தப்பு என்றால் அவருடைய உலகமே தப்பு.

சென்சார் எப்படியெல்லாம் ஏமாற்றும்?

ஒரு சென்சார் எஞ்சினை அளப்பதில்லை. தன் முனை இருக்கும் இடத்தை மட்டும் அளக்கிறது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பொய்களை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

கூலன்ட் வெப்பநிலையை எடுத்துக்கோங்க. அந்தச் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருக்கும் வரைதான் உண்மை பேசும். ஹோஸ் பிய்த்துக்கொண்டு தண்ணீர் வெளியே போய்விட்டால், அது காற்றில் தொங்கிக்கொண்டு இருக்கும். எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்க, மீட்டர் நார்மல் காட்டும், சில சமயம் இறங்கக்கூடச் செய்யும். "ஆஹா, நல்லா குளிருதே" என்று பைலட் சந்தோஷப்படுவார். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கூலன்ட் பிரஷருக்குத் தனியாக ஒரு சென்சார் வைப்பார்கள். தண்ணீர் கசிந்தால் முதலில் விழுவது பிரஷர்தான்.

அடுத்தது புகைபோக்கி வெப்பநிலை. இதற்குக் கே-டைப் தெர்மோகப்பிள். ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் கொடுக்கும். அதிலிருந்து மீட்டர் வரை அதே உலோகக் கலவை ஒயர் போக வேண்டும். 'ஒயர் ஒயர்தானே' என்று நடுவில் சாதாரண செம்பு ஒயரை ஒட்டினால் என்ன ஆகும்? ஒட்டுப்போட்ட இடம் எஞ்சின் அறைக்குள் 60 டிகிரியில் இருக்கு, மீட்டர் காக்பிட்டில் 30 டிகிரியில் இருக்கு என்றால், திரையில் சுமார் 30 டிகிரி குறைவாகத் தெரியும். ரோட்டரியில் புகைச்சூடு பிஸ்டன் எஞ்சினைவிட அதிகம் என்று பார்த்தோமே, அந்தச் சூட்டில் புரோப் சீக்கிரம் தேய்ந்தும் போகும்.

மூன்றாவது எர்த். பல சென்சார்கள் எஞ்சின் பாடி வழியாகவே எர்த் ஆகும். அந்த ஒரு ஸ்ட்ராப் லூஸ் ஆனால் ஆயில் பிரஷர், ஆயில் சூடு, தண்ணீர் சூடு எல்லாம் ஒரே நொடியில் சேர்ந்து தாவும். நிஜ எஞ்சின் கோளாறு அப்படி வராது. அதற்கு ஒரு வரிசை இருக்கும்: முதலில் பிரஷர் விழும், பிறகு சூடு மெல்ல ஏறும். எல்லாம் ஒன்றாகக் குதித்தால் முதல் சந்தேகம் ஒயர் மேல்.

நான்காவதுதான் ஆபத்தானது. கார்புரேட்டர் காலத்தில் மீட்டர் பொய் சொன்னால் பைலட் மட்டும் ஏமாறுவார், எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடும். எலெக்ட்ரானிக் ஃபியூல் இன்ஜெக்‌ஷனில் அதே பொய்யை இசியுவும் கேட்கிறது. தெர்மிஸ்டர் ஒயர் அறுந்தால் ரெசிஸ்டன்ஸ் எல்லையில்லாமல் போகும். அதற்கு அர்த்தம் 'கடுங்குளிர்'. பாதுகாப்பு வழி எழுதாத இசியு அதை நம்பி பெட்ரோலை அள்ளிக் கொட்டும். நல்ல எஞ்சின் பொய்த் தகவலால் மூச்சுத் திணறும். ஷாஃப்ட் கோணத்தைச் சொல்லும் சென்சார் போனால் இன்னும் மோசம். எப்போது பொறி விடுவது என்றே தெரியாமல் எஞ்சின் நின்றுவிடும்.

பனிக்கட்டி சொன்ன பொய்

13 ஜனவரி 1982. வாஷிங்டன் விமான நிலையம், கொட்டும் பனி. ஏர் ஃப்ளோரிடா 90, போயிங் 737. அதில் எஞ்சின் சக்தியைக் காட்டிய முக்கிய மீட்டர் இபிஆர். எஞ்சினின் பின்பக்க அழுத்தத்தை முன்பக்க அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் அது. எஞ்சின் ஆன்ட்டி-ஐஸ் போடவில்லை. முன்பக்க அழுத்தத்தை அளக்கும் குழாயைப் பனிக்கட்டி அடைத்தது. கீழே இருக்கும் எண் சின்னதானால் விகிதம் பெரிதாகும் இல்லையா? மீட்டர் 2.04 காட்டியது. நிஜத்தில் 1.70தான்.

அதே பேனலில் மற்ற மீட்டர்கள் இருந்தன. ஃபேன் சுற்றும் வேகம், புகைச்சூடு, எரிபொருள் ஓட்டம் எல்லாம் குறைவாகவே காட்டின. துணை விமானி ஏதோ சரியில்லை என்று ஓடுபாதையிலேயே சொல்லவும் செய்தார். புறப்பாடு நிறுத்தப்படவில்லை. விமானம் பாலத்தில் மோதி போடோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் காரில் இருந்த 4 பேரையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள்.

ஒன்றைக் கவனிங்க. எஞ்சின் இரண்டு, இபிஆர் மீட்டரும் இரண்டு. இரண்டும் ஒரே மாதிரி பொய் சொன்னதால் இரண்டும் ஒத்துப்போயின. ஒரே காரணத்தால் ஒன்றாகக் கெடக்கூடிய இரண்டு சென்சார் கணக்குக்கு இரண்டு, நம்பிக்கைக்கு ஒன்றுதான். உங்க புராஜெக்டில் இரண்டு கன்ட்ரோலர் வைத்து, இரண்டுக்கும் ஒரே கனெக்டர், ஒரே பேட்டரி, ஒரே ஷாஃப்ட் சென்சார் கொடுத்திருந்தால் அதற்கு 'ரிடன்டன்சி' என்று ரிப்போர்ட்டில் எழுதாதீங்க.

நம்ம வானத்தில் ஒரு சரியான உதாரணம்

என்ஏஎல்லின் ஹன்சா-என்ஜி இரண்டு பேர் அமரும் பயிற்சி விமானம். எஞ்சின் ரோட்டரி அல்ல, ரோடாக்ஸ் 912 ஐஎஸ் பிஸ்டன் எஞ்சின். ஆனால் நம் பாடத்துக்கு அது பொருத்தம். அதன் எலெக்ட்ரானிக் கன்ட்ரோல் 'லேன் ஏ', 'லேன் பி' என்று இரண்டு தனித்தனிப் பாதைகள். தரையிலேயே ஒவ்வொரு லேனையும் மாற்றி மாற்றி அணைத்து, மற்றது தனியாகத் தாங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் பறக்கணும். மாற்று ஏற்பாடு வைத்தால் போதாது, அது உயிரோடு இருக்கு என்று ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டும்.

2022 பிப்ரவரியில் இந்த விமானம் கடல்மட்டச் சோதனைக்காக பெங்களூருவிலிருந்து புதுச்சேரிக்குப் பறந்து வந்தது. மேப்பில் இரண்டு ஊருக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில்தான் போகும். அதே ஆண்டு மே மாதம் சள்ளகெரேயில் இன்னொரு சோதனை. பறந்துகொண்டிருக்கும்போதே எஞ்சினை அணைத்து, மறுபடி வானத்திலேயே ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். 'ஸ்டார்ட் ஆகும்' என்று காகிதத்தில் இருந்ததை அவர்கள் நம்பிவிடவில்லை.

நீங்க செய்யக்கூடியது

ரோட்டரி விமானம் கட்ட வேண்டாம். ட்ரோன், கோ-கார்ட், பாஹா, ஃபார்முலா கார் எதுவானாலும் இதைச் செய்யலாம்.

• தெர்மிஸ்டரை உருகும் ஐஸ் தண்ணீரில் வையுங்க, 0 டிகிரி காட்டணும். கொதிக்கும் தண்ணீரில் 100 காட்டணும். இடத்தின் உயரத்தையும் கணக்கில் எடுங்க. செஞ்சி ராஜகிரி உச்சியில் தண்ணீர் அடிவாரத்தைவிட ஏறக்குறைய 1 டிகிரி குறைவிலேயே கொதிக்கும்.

• எஞ்சின் ஓடும்போது, வண்டி ஸ்டாண்டில் இருக்கையில், ஒவ்வொரு சென்சார் கனெக்டரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்க. மீட்டர் என்ன காட்டுது, இசியு என்ன செய்யுது என்று எழுதி வையுங்க. ரேஸ் நாளில் அந்த எண் வந்தால் உடனே அடையாளம் தெரியும்.

• ஒவ்வொரு முக்கிய அளவுக்கும் வேறு இயற்பியலில் வேலை செய்யும் ஒரு சாட்சி வையுங்க. சூட்டுக்குப் பிரஷர் சாட்சி. சக்திக்கு ஆர்பிஎம்மும் எரிபொருள் ஓட்டமும் சாட்சி.

• நன்றாக ஓடும் நாளில் எல்லா எண்களையும் குறித்து வையுங்க. நார்மல் தெரியாதவனுக்குக் கோளாறும் தெரியாது.

• ஒரு மீட்டர் மட்டும் அபாயம் காட்டினால் மற்ற சாட்சிகளைப் பாருங்க. ஆனால் பார்த்துக்கொண்டே த்ராட்டிலைக் குறைங்க. 'சென்சார் தப்பாத்தான் இருக்கும்' என்று ஆரம்பித்துவிட்டு ஓட்டிக்கொண்டே இருப்பதும் ஒரு குருட்டு நம்பிக்கைதான். தரையில் இருக்கும்போது சந்தேகம் வந்தால் முடிவு எளிது: கிளம்பாதீங்க.

வைவாவில் "உங்க சென்சார் அக்யூரசி எவ்வளவு?" என்று கேட்பார்கள். டேட்டாஷீட் பார்த்து எல்லாரும் பதில் சொல்லிவிடலாம். அது எப்படிக் கெடும், கெட்டால் என்ன எண்ணைக் காட்டும், அப்போது யார் சாட்சி என்று மூன்று வரியில் உங்களால் சொல்ல முடிந்தால், அந்த எஞ்சினை நம்பி ஒருத்தரை உட்கார வைக்கலாம்.