உதிரிபாகங்களுக்கும் ஒரு வாரிசு

வணிகவியல் பயில்வோர் தொடக்கத்திலேயே கற்கும் பாடங்களுள் ஒன்று தேய்மானம். வாங்கிய நாள் முதல் வாகனத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும் என்பது அதன் சாரம். ஆண்டுக்கு 15 விழுக்காடு என்று குறைந்திருப்பு முறையில் கழித்துக்கொண்டே வந்தால், ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள வாகனம் 20 ஆண்டுகளில் ஏட்டளவில் நாலாயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கிவிடும். இந்தக் கணக்கைப் பல ஆண்டுகளாகப் போட்டுப் பழகிய எனக்கு, அதற்கு அடங்காத சில வாகனங்கள் உலகில் உண்டு என்பது பின்னாளில்தான் தெரிந்தது. பிரிட்டனின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

அவற்றிலும் எளிய மனிதர்களின் கைக்கு எட்டியது எம்.ஜி. கார். ஆக்ஸ்போர்டில் வில்லியம் மாரிஸ் நடத்திய மாரிஸ் கராஜஸ் என்னும் நிறுவனத்தின் முதலெழுத்துகளே அதன் பெயர். அங்கு மேலாளராயிருந்த செசில் கிம்பர் அதனை உருவாக்கி வளர்த்தார். 1929-இல் ஆபிங்டன் நகருக்குக் குடிபெயர்ந்த தொழிற்சாலை 1980 அக்டோபரில் மூடப்பட்டது. 1962 முதல் அந்த இறுதி ஆண்டுவரை அங்கு உருவான எம்.ஜி.பி. வகைக் கார்கள் மட்டும் சுமார் 5 லட்சம். தொழிற்சாலை மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அவற்றுள் பல இன்றும் சாலையில் ஓடுகின்றன. ஓட வைப்பவர்கள், ஓய்வு நேரத்தில் கையில் எண்ணெய்க் கறையோடு உழைக்கும் தனிமனிதர்கள்.

இக்கார்களின் முதற்பகை துரு. எம்.ஜி.பி.க்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் தகட்டுப் பெட்டிகள்தாம் அதன் முதுகெலும்பு. அவை உள்ளிருந்தே அரித்துப்போகும். திறந்த காராதலால், முட்டுக்கொடுக்காமல் அப்பகுதியை வெட்டியெடுத்தால் கூடு நடுவில் தொய்ந்து கதவிடைவெளி சுருங்கிவிடும். பிறகு கதவு பொருந்தாது. அனுபவமுள்ளவர் முதலில் கதவு வாயிலில் இரும்புக் கம்பியைக் குறுக்கே பற்றவைத்து, அதன் பின்னரே வெட்டத் தொடங்குவார்.

பழுது அளவு கடந்துபோனால் மாற்றுவழி ஒன்று உண்டு. 1975-இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம், பழைய தொழிற்சாலைகளின் தகடு அழுத்தும் அச்சுகளைத் தேடிச் சேகரித்து, 1988-இல் எம்.ஜி.பி.யின் முழு உடற்கூட்டையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. அச்சுகள் பழைய இரும்பாக உருக்கப்பட்டிருந்தால் இது நடந்திராது.

ஆனால் எல்லாப் பாகங்களுக்கும் இந்தப் பேறு வாய்ப்பதில்லை. ஒரு போல்ட்டின் கதையைக் கேளுங்கள். கவன்ட்ரி நகரில் ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனம் நடத்திய எஞ்சின் தொழிற்சாலையை மாரிஸ் 1923-இல் வாங்கினார். அங்கிருந்த இயந்திரங்கள் மெட்ரிக் அளவில் மரை வெட்டுபவை. பிரிட்டிஷ் மெக்கானிக்குகளிடம் இருந்தவையோ விட்வொர்த் அளவு ஸ்பேனர்கள். எனவே மரை மெட்ரிக்காகவும் தலை விட்வொர்த்தாகவும் ஒரு கலப்பு போல்ட் பிறந்தது. அந்த மரபு 1940-களின் எம்.ஜி. டி.சி. காரின் எஞ்சின் வரையில் தொடர்ந்தது. அதன் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு மரையின் இடைவெளி 1 மில்லிமீட்டர். இன்று கடைகளில் பொதுவாகக் கிடைப்பது 1.25. அறியாமல் முறுக்கினால் எஞ்சினின் மரை அழிந்துவிடும். ஆகவே, உடைந்துபோன ஓர் எஞ்சினிலிருந்து கழற்றிய ஒரு பிடி போல்ட் என்பது, விவரம் அறியாதவருக்குக் குப்பை; அறிந்தவருக்குப் புதையல்.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையொன்றைச் சொல்ல வேண்டும். என் தந்தையார் வைத்திருந்தது காரன்று, ஒரு பழைய ஸ்கூட்டர். அதற்கென்று ஒரு பிஸ்கட் டின்னில் அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த பாகங்கள் இருந்தன. அவர் மறைந்த சில மாதங்களில், வீட்டைச் சுத்தம் செய்தபோது, அந்த டின்னை நானே பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டேன். எவ்வளவு கிடைத்தது என்றுகூட நினைவில்லை. அடுத்த ஆண்டு அவருடைய மெக்கானிக் வீடு தேடி வந்தார். அதே வகை ஸ்கூட்டரை இன்னொருவருக்காகச் சரிசெய்துகொண்டிருந்தார். “ஐயா ஒரு கியர் செட் வெச்சிருந்தாரே தம்பி, பிரிக்காம அப்படியே இருந்ததே,” என்றார். என்னிடம் பதில் இல்லை. கோடிக்கணக்கில் பிறர் சொத்துக்குப் பட்டியல் சரிபார்க்கும் நான், என் வீட்டில் இருந்ததன் மதிப்பை அறியவில்லை.

பிரிட்டனின் ஆர்வலர்கள் இத்தகைய இழப்பைத் தடுக்க வழிகள் கண்டிருக்கிறார்கள். எம்.ஜி. கார் கிளப் 1930 முதல் இயங்கிவருகிறது. ஹாம்ப்ஷையரில் உள்ள பியூலி தேசிய மோட்டார் அருங்காட்சியகத் திடலில் 1967 முதல் உதிரிபாகச் சந்தை நடைபெற்றுவருகிறது. விளக்குகள், கார்புரேட்டர்கள், பெயர் தெரியாத திருகாணிகள் எனப் பலவும் அங்குக் கைமாறுகின்றன. கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம், தொழிற்சாலைப் பேரேடுகளைப் பாதுகாத்து, ஒரு கார் எந்நாளில், எந்நிறத்தில் உருவானது என்று சான்றளிக்கிறது. பேரேடு பேணப்பட்டதால்தான் அது இயல்கிறது என்பதை எண்ணும்போது, வங்கி ஊழியன் என்ற முறையில் எனக்கு மகிழ்ச்சியே.

இதை முதலீடாகக் கொள்ளலாமா என்று வாடிக்கையாளர் சிலர் கேட்பதுண்டு. என் பதில், கூடாது என்பதே. தகட்டு வேலை, வண்ணப்பூச்சு, எஞ்சின் வேலை மூன்றையும் கூட்டினால், முடிந்த காரின் விலையைவிடச் செலவு மிகுந்துவிடுவது வழக்கம். ஓய்வூதியப் பணத்தையோ கடன் வாங்கிய பணத்தையோ இதில் இறக்குவது அறிவுடைமையாகாது. விருப்பத்துக்கு என்று ஒதுக்கிய தொகைக்குள் அடங்குமானால் மட்டுமே இது இன்பம் தரும்.

நம் நாட்டில் பழம்பெரும் வாகனம் வைத்திருப்போர் அறியவேண்டிய விதிகளும் உண்டு. 2021-இல் வெளியான மத்திய விதிகளின்படி, 50 ஆண்டுகள் கடந்து, மூல வடிவம் மாறாமல் பேணப்படும் இருசக்கர, நான்குசக்கர வாகனங்களை ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் கொண்ட தனி வரிசையில் பதிவுசெய்யலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்; 10 ஆண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்கு அன்று. காப்பீட்டில், இத்தகைய வாகனத்தின் மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவுசெய்துகொள்ள இடமுண்டு. அதற்குப் புகைப்படங்களும் செலவுச் சீட்டுகளும் துணைசெய்யும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று சிறு செயல்களை வேண்டுகிறேன். ஒவ்வொரு பாகத்தின் மீதும், அது என்ன, எந்த வாகனத்துக்கு உரியது என்று ஒரு சீட்டுக் கட்டுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவற்றைப் பட்டியலிடுங்கள். பயன்படுத்தத் தெரிந்த ஒருவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அதன் முதற்பக்கத்தில் எழுதி, அந்த நோட்டு இருக்குமிடத்தைக் குடும்பத்தாரிடம் சொல்லிவையுங்கள். வைப்புத்தொகைக்கு நியமனதாரரைக் குறிப்பதற்கு ஆகும் நேரத்தைவிடச் சற்றே கூடுதலாக ஆகும், அவ்வளவே.

இது காருக்கு மட்டும் உரியதன்று. தையல் இயந்திரம், வீணை, அச்சுக்கூடம், கைக்கடிகாரம் என எதுவாயினும் பொருந்தும். வீட்டில் முதியவர் ஒருவர் பாதுகாக்கும் பெட்டி இருக்குமானால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவருடன் அமர்ந்து அதனைத் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றாக எடுத்து, “இது என்ன?” என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.